பள்ளிக் கணினிக்கு வயதாவது எப்போது? விண்டோஸ் 10 நிறுத்தமும் அரசுப் பள்ளி ஆய்வகங்களும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதன்பின் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. "லேப்ல இருக்கிற எல்லா சிஸ்டமும் இனி வேஸ்ட்" என்பது ஒன்று. "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்" என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. பள்ளிக் கணினி பழசாவதற்கு விண்டோஸ் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் பேட்டரியிலும் புகார்ப் புத்தகத்திலும் இருப்புப் பதிவேட்டிலும் இருக்கின்றன.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, தயாரித்த நிறுவனம் அவற்றை அடைத்து அப்டேட்டாக அனுப்பும். மைக்ரோசாஃப்ட் இதை மாதாமாதம் செய்கிறது. ஆதரவு முடிந்தது என்றால் இனி அந்த அடைப்பு வேலை கிடையாது. கணினி அணைந்துவிடாது, கோப்புகள் அழியாது, பிரிண்டரும் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் மட்டும் திறந்தே கிடக்கும்.

அதன் விளைவை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டின. அடைப்பு வந்தும் போடாததற்கே அந்தக் கதி என்றால், அடைப்பே வராத நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 7 அனுபவம் இன்னொன்றைச் சொல்கிறது. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. குரோம் உலாவி அதைக் கைவிட்டது 2023 பிப்ரவரியில். இடைப்பட்ட மூன்று ஆண்டும் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. உலாவி கைவிட்ட பிறகு இணையதளங்கள் ஒவ்வொன்றாகச் சண்டித்தனம் செய்யத் தொடங்கின. விண்டோஸ் 10 கணினிகளுக்கும் இதே வரிசைதான்: முதலில் பாதுகாப்பு போகும், பயன்பாடு பிறகு போகும்.

ஆகவே பள்ளி முதலில் கேட்க வேண்டியது எந்தக் கணினி பழசு என்பதல்ல, எந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதே. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான துறையின் இணையதளம்) உள்நுழைவு, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் எல்லாம் இருக்கும் அலுவலகக் கணினிதான் முதல் ஆபத்து. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரையும் ஆய்வகக் கணினி கொஞ்சம் காத்திருக்கலாம். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. புதுப் பெட்டிகள் ஆய்வகத்துக்கு வருகின்றன, பத்து வருடப் பழசு அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

எல்லாக் கணினியும் விண்டோஸ் 11க்கு ஏன் ஏறாது?

விண்டோஸ் 11 இலவசம்தான். ஆனால் சில வன்பொருள் நிபந்தனைகள் உண்டு.

1. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மதர்போர்டில் அல்லது புராசசருக்குள் இருக்க வேண்டும். கடவுச்சொல் சாவிகளைத் தனியாகப் பூட்டிவைக்கும் சிறு பெட்டகம் அது. சில கணினிகளில் வசதி இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில், போய் இயக்கினாலே போதும்.

2. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) வேலை செய்யும் புதிய வகை பயாஸ் வேண்டும்.

3. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசர் வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ3-4130 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 4, அதாவது நான்காம் தலைமுறை. ஐ5-7400 ஏழாம் தலைமுறை, ஐ3-8100 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள்: ஐ5-10400 என்பது பத்தாம் தலைமுறை.

4. ரேம் 4 ஜிபி, சேமிப்பிடம் 64 ஜிபி. காகிதத்தில் இது போதும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்கும் உள்ள கணினியில் விண்டோஸ் 11 போட்டால், பாடவேளையில் கணிசமான பகுதி திரையைப் பார்த்துக்கொண்டே போகும்.

எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017 கடைசியில். அதற்கு முன் வாங்கிய இன்டெல் கணினிகள் ஏறக்குறைய எல்லாமே வெளியே நிற்கும். அதன்பின் வாங்கிய கணினியிலும் டெண்டரில் பழைய தலைமுறைச் சரக்கு வந்திருக்கலாம் என்பதால், வாங்கிய ஆண்டை நம்பாமல் புராசசர் எண்ணைப் பார்ப்பதே நல்லது. நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றித் தரும் குறுக்குவழிகளும் உண்டு. அப்படிச் செய்தால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதற்காக மாறினோமோ அதுவே கைநழுவும்.

ஒரு கணினிக்கு மூன்று வயது

ஒரே பெட்டிக்கு மூன்று தனித்தனி வயது உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல கணினி மூலைக்கும் உதவாத கணினி மேசைக்கும் போகின்றன.

1. உடல் வயது: பாகங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது.
2. மென்பொருள் வயது: பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பது.
3. காகித வயது: வாரண்டி, பராமரிப்பு ஒப்பந்தம், பதிவேட்டில் கழிவு நீக்கத் தகுதி ஆகியவை.

பத்து வருடப் பழசான கணினி உடலால் திடமாக இருக்கலாம். நான்கு வருடக் கணினிக்கு வாரண்டி முடிந்து, ஒரு எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) எரிந்ததற்கே ஆள் இல்லாமல் கிடக்கலாம். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் கணினியைக் கொல்வது மூன்றாவது வயதுதான்.

ஆய்வகத்தில் எது முதலில் போகும்?

முதலில் போவது கணினியே அல்ல, யூபிஎஸ் பேட்டரி. ஈய அமில பேட்டரிக்கு வெயிலும் ஆகாது, சார்ஜ் இல்லாமல் கிடப்பதும் ஆகாது. ஏப்ரல் கடைசியில் ஆய்வகத்தைப் பூட்டினால் ஜூனில்தான் திறக்கிறோம். அந்த இடைவெளியில் இறங்கிய நிலையிலேயே கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, திரும்ப சார்ஜ் ஏறாமல் போகும். பிறகு மின்சாரம் ஒரு நொடி துடித்தாலும் இருபது கணினியும் ஒரே நேரத்தில் விழும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, ஹார்டு டிஸ்கும் அடிவாங்கும். சில ஆயிரம் ரூபாய் பேட்டரி மாற்றாததால் சில லட்சம் ரூபாய் கருவிகள் சாகின்றன. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது அறையைத் திறந்து சில மணி நேரம் சார்ஜ் போட்டாலே இதில் பாதி குறையும். அதைச் செய்யவேண்டியது யார் என்று எந்த உத்தரவிலாவது பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி. கடையில் சில பத்து ரூபாய். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியை நினைவில் வைத்திருப்பது இதன் வேலை. இது தீர்ந்தால், ஒவ்வொரு முறை போடும்போதும் கணினி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் தங்கள் சான்றிதழை இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று காட்டும். 2015இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்து, தளத்தைத் திறக்க மறுக்கும்.

இங்கேதான் வேடிக்கை. ஆசிரியர் பார்வையில் இது "நெட் வரல". புகாரும் அப்படியே பதிவாகும். நெட்வொர்க் பார்ப்பவர் வருவார், கேபிளைச் சோதிப்பார், சிக்னல் இருக்கிறது என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் நெட் வராது. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதன்பின் வருபவை: எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க், விசிறியில் அடைத்த தூசு, கீபோர்டு, மவுஸ். எலி கடித்த கேபிளும் எறும்பு கூடு கட்டிய பெட்டியும் தனி ரகம். அவற்றை வாரண்டி ஏற்காது. ரேம், புராசசர், மானிட்டர் மூன்றும் பொதுவாக நீண்ட நாள் தாங்கும். அதாவது "செத்துப்போன" கணினியின் விலை உயர்ந்த பாகங்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன.

சில ஆய்வகங்களில் ஒரு சர்வரும் அதனோடு இணைந்த தின் கிளையன்ட் பெட்டிகளும் இருக்கும். மேசைமேல் இருப்பது திரையும் சிறு பெட்டியும்தான், உண்மையான வேலை சர்வரில் நடக்கும். பராமரிக்க எளிது, மின்செலவு குறைவு. சர்வர் படுத்தால் மொத்த ஆய்வகமும் படுக்கும். இந்த அமைப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது சர்வரின் டிஸ்குகளை.

புகார் எங்கே போய் நிற்கிறது?

தொழில்நுட்ப உதவியை மூன்று படிகளாகப் பிரிப்பது பல நிறுவனங்களில் வழக்கம்.

1. இடத்திலேயே தீர்ப்பது: தேதி சரிபார்ப்பு, கேபிள் மாற்றுதல், பிரிண்டர் சேர்த்தல், பென்டிரைவ் வைரஸ் நீக்குதல்.
2. ஆள் வந்து தீர்ப்பது: பாகம் மாற்றுதல், இயங்குதளம் மறுபடி போடுதல்.
3. தயாரித்த நிறுவனத்திடம் போவது: மதர்போர்டு, சர்வர் போன்றவை.

முதல் படிக்கு ஆள் இல்லாத பள்ளியில் எல்லாப் புகாரும் இரண்டாம் படிக்கு ஏறும். மவுஸ் கேபிள் கழன்றதற்கும் சர்வீஸ் இன்ஜினியர் பேருந்து ஏறி வரவேண்டும். அவருக்கு ஒரு வட்டாரத்தில் பல பள்ளிகள். அதற்குள் உண்மையான கோளாறுகள் வரிசையில் பின்னுக்குப் போகும்.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது ஒரே ஒரு சொல்: சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் நேரமா, பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமா? "24 மணி நேரத்தில் பதில்" என்றால் போன் எடுத்தாலே நிபந்தனை நிறைவேறிவிடும். "மூன்று வேலை நாளில் கருவி இயங்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம்" என்று இருந்தால்தான் பள்ளிக்குப் பயன். புகாரை மூடும் உரிமையும் நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. பள்ளி ஒப்புக்கொண்ட பிறகே மூட வேண்டும்.

கேரளத்தில் முதல் படிக்கு மாணவர்களையே பழக்கினார்கள். 2001இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. அதன் கீழ் இயங்கும் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கின்றன. பிள்ளைகள் நிரலெழுதுதல், அனிமேஷனோடு வன்பொருளும் கற்கிறார்கள். மாவட்டந்தோறும் ஆசிரியர்களிலிருந்தே எடுத்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வகுப்பறை தெரிந்த ஆள் புகாரைக் கேட்கிறார் என்பதே அங்கே பெரிய வித்தியாசம்.

பணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை?

மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு ஒருமுறைச் செலவாக ₹6.40 லட்சம் வரையும், தொடர் செலவாக ஆண்டுக்கு ₹2.40 லட்சம் வரை ஐந்து ஆண்டுக்கும் விதி இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: வாங்க 6.40, நடத்த 12. மொத்தம் 18.40 லட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுவதற்கான செலவு. வாங்குவதைவிட நடத்துவதுதான் அதிகம் என்று அரசின் விதியே சொல்கிறது.

சிக்கல் ஆறாவது ஆண்டில். தொடர் செலவு நின்றுவிடும், கணினி நிற்காது. 2004இல் தொடங்கிய முந்தைய மத்தியத் திட்டக் காலத்திலிருந்தே, நிறுவனமே ஆய்வகத்தை அமைத்து, ஐந்து ஆண்டு நடத்தி, பிறகு பள்ளியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறை புழக்கத்தில் உண்டு. ஒப்படைப்பு என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. பழுது தொடங்கும் வயதில், பழுது பார்ப்பவர் விலகிக்கொள்கிறார் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

பிறகு பள்ளியின் கையில் இருப்பது ஆண்டுப் பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ₹10,000 முதல் ₹1 லட்சம் வரை. அதில்தான் சாக்பீஸ், சின்னச் சின்னப் பழுது, தூய்மைப் பணி எல்லாம். குழாய் உடைந்தால் அன்றே சரிசெய்தாக வேண்டும். எஸ்எம்பிஎஸ் எரிந்தால் நாளை பார்க்கலாம். தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மத்தியக் கல்வி அமைச்சகம் திரட்டும் 2024-25 யூடைஸ் பிளஸ் பள்ளிக் கணக்குப்படி இந்தியப் பள்ளிகளில் 64.7 சதவீதத்தில் கணினி வசதி உண்டு, முந்தைய ஆண்டில் அது 57.2 சதவீதம். ஏறுமுகம்தான். ஆனால் ஒரு பள்ளியில் இருபதில் மூன்று ஓடினாலும் அது கணினி உள்ள பள்ளிதான்.

இப்போது என்னென்ன வழி?

1. நீட்டிப்பு வாங்குவது. கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்டை முதல் ஆண்டு கணினிக்கு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று மைக்ரோசாஃப்ட் தருகிறது. மூன்று ஆண்டுக்கு 7 டாலர். 2028 அக்டோபர் வரை தாங்கும். இதைப் பள்ளி தனியாக வாங்குவதைவிடத் துறை மொத்தமாக வாங்குவதே நடக்கக்கூடியது. அலுவலகக் கணினிகளுக்கு இது உடனடி மருந்து.

2. தகுதியுள்ளவற்றை விண்டோஸ் 11க்கு ஏற்றுவது, கூடவே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுவது. பழைய கணினிக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு செலவு எதுவென்று கேட்டால், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான். ரேமை 8 ஜிபி ஆக்குவது அடுத்தது.

3. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது.

4. புதிதாக வாங்குவது.

தெருமுனைக் கடையில் "கிராக்" விண்டோஸ் போட்டுக்கொள்வது ஐந்தாவது வழியாகப் பல இடங்களில் இருக்கிறது. உரிமம் இல்லாததைவிடப் பெரிய பிரச்சினை, அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது என்பது.

லினக்ஸ் என்றதும் எழும் தயக்கம்

லினக்ஸ் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பும் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசின் இலவச மடிக்கணினிகளிலும் வந்தது. கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட சொந்தப் பதிப்பில்தான் ஓடுகின்றன. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் எடை குறைந்த லினக்ஸ் தாராளமாக ஓடும்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிகளில் பல ஆண்டு வினாத்தாள்களும் கடிதங்களும் வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவை யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். உடனே "லினக்ஸில் தமிழ் வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புது விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அதேதான் வரும். மாறுவதற்கு முன் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும், தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை அமைத்துத் தர வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரே இரவில் மாற்றினால் பள்ளி ஒரு மாதத்தில் பழையதற்கே திரும்பும். ஆய்வகத்தில் லினக்ஸ், அலுவலகத்தில் இன்னும் மூன்று ஆண்டு விண்டோஸ் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

மொத்தமாக வாங்கினால் மொத்தமாகச் சாகும்

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் ஒரே திட்டமாக அமைந்தன. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், பாகங்கள் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுபோல் வாங்கியவை ஏறக்குறைய ஒரே காலத்தில் பழசும் ஆகும். அந்த ஆண்டு நிதி நெருக்கடி என்றால் எல்லா ஆய்வகமும் சேர்ந்தே தள்ளாடும்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு நான்கு கணினி மாற்றலாம் என்பது புத்தக யோசனை. அப்படிச் செய்தால் ஒரே அறையில் ஐந்து மாடல் சேர்ந்து, பராமரிப்பவருக்குத் தலைவலி. மாவட்ட வாரியாகச் சுற்று வைப்பது மேல். 38 மாவட்டங்களில் ஆண்டுக்கு எட்டு மாவட்டம் என்று எடுத்தால் ஐந்தாண்டில் ஒரு சுற்று முடியும். பள்ளிக்குள் ஒரே மாடல், அரசுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே செலவு. மாற்றிய இடத்திலிருந்து வரும் நல்ல பாகங்கள், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் மாவட்டங்களுக்கு உதிரியாகும்.

பழையதை ஏன் தூக்கிப் போட முடிவதில்லை?

எந்தப் பள்ளியிலும் ஒரு மூலையில் மானிட்டர்கள் அடுக்கியிருக்கும். சோம்பல் காரணமல்ல, இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் இருபது என்றால் தணிக்கையில் இருபதும் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது எண்ணித்தான் ஒப்படைக்கிறார். பத்தொன்பது இருந்தால் கேள்வி வரும், இருபதில் பத்து ஓடவில்லை என்றால் கேள்வி வராது. இந்தக் கணக்கில் எந்தத் தலைமையாசிரியரும் பழையதைப் பத்திரமாக வைத்திருக்கவே விரும்புவார். ஆறு செத்த கணினிகளின் பாகங்களைச் சேர்த்து மூன்றை உயிர்ப்பிக்கலாம் என்றாலும், மீதி மூன்று காலிப் பெட்டிக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் கையைக் கட்டிவிடும். எந்தப் பாகம் எந்தப் பெட்டிக்குப் போனது என்று தீர்மானம் எழுதிப் பதிவேட்டில் குறிக்க ஓர் எளிய துறை உத்தரவு இருந்தால் போதும்.

கழிவு நீக்க அனுமதி வந்த பிறகும் பழைய இரும்புக் கடைக்குப் போட முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஓர் ஆண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்பு பெருநுகர்வோர். அது தன் மின்கழிவைப் பதிவுபெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே தர வேண்டும். ஒரு பள்ளியைத் தனியாக எடுத்தால் அந்த எண்ணிக்கை வராது, துறையாக எடுத்தால் எளிதில் தாண்டும். யூபிஎஸ் பேட்டரிக்குத் தனி விதிகள் உண்டு, அதைக் கணினியோடு சேர்த்து ஏலம் விடக் கூடாது. பழைய குழாய் மானிட்டரின் கண்ணாடியிலேயே ஈயம் இருக்கிறது.

பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டெலிட் செய்தாலும் அவசர ஃபார்மட் செய்தாலும் கோப்பு போவதில்லை, அதன் முகவரி மட்டுமே அழிகிறது. இலவச மீட்பு மென்பொருளால் மாணவர் பெயர், பிறந்த தேதி, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடலாம். ஓடும் ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்ட வேண்டும், சில மணி நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளை தனி. ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லிங் மெஷினால் தட்டுவரை துளையிட்டு, வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.